சிங்கப்பூர் வகுப்பு சரியாக வருகிறது, மாயவரம் வகுப்பு இழுக்கிறது: ஃபைபர் பெட்டியை மாற்ற வேண்டுமா?

மிருதங்க_வாத்தியார் (கும்பகோணம்)

வணக்கம். 2020 ஊரடங்கில் ஆன்லைனில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன், இன்றும் தொடர்கிறது. வீட்டில் ஃபைபர் இணைப்பு. டவுன்லோடு 50 எம்பிபிஎஸ், அப்லோடு 10.

மாலையில் இரண்டு வகுப்பு. 5 மணிக்குச் சிங்கப்பூரில் ஒரு பெண் குழந்தை, 6 மணிக்கு மாயவரத்தில் ஒரு பையன். சிங்கப்பூர்க் குழந்தையோடு பெரிய சிக்கல் இல்லை. வழக்கமாக வரும் சிறு தாமதம் எனக்கும் அவளுக்கும் பழகிவிட்டது. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய மாயவரத்தோடுதான் தொல்லை. நான் தாளம் போட்டு 'தா தீ தொம் நம்' சொல்லி நிறுத்தினால், அவன் பதில் வழக்கமான இடத்துக்கும் அரை இடம், அதாவது தாளத்தில் பாதி எண்ணிக்கை, தள்ளி விழுகிறது. நேரில் வரும்போது அதே பையன் சுத்தமாக வாசிக்கிறான். இது தெரியாமல் ஒரு மாதமாக அவனைக் கடிந்துகொண்டிருந்தேன். அது மனதை உறுத்துகிறது.

இணைப்புக்காரரைக் கேட்டேன். வேகம் சோதித்துப் பார்த்துவிட்டு, "50 சரியா வருது சார், பெட்டிதான் பழசு. 2,500 ரூபாய் கொடுத்தா புதுசு வெச்சிடலாம்" என்கிறார். தாமதம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறதா? ஃபைபரே எவ்வளவு தாமதப்படுத்தும்?

நெட்_பிரியன்

100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க சார், எல்லாம் சரியாயிடும்.

இழை_ஒட்டுபவன் (திருவாரூர்)

சார் வணக்கம். 12 வருஷமா ஃபைபர் இழுக்கிறதும் ஸ்ப்லைஸ் அடிக்கிறதும், அதாவது இழையோட இழையை ஒட்டுறதும்தான் என் பிழைப்பு. அந்த 2,500 ரூபாயை இப்போ கொடுத்துடாதீங்க.

கண்ணாடி இழைக்குள்ள ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ செகண்டுதான். இணைப்பு கொடுக்கிறவங்க கண்ட்ரோல் ரூம் உங்க வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் போய்வர 0.2 மில்லி செகண்ட். நடுவுல கம்பத்துல தொங்குற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே கிடையாது. அது ஒளியைப் பங்கு போடும், நேரத்தைத் தின்னாது. பெட்டியில செருகுற சின்ன ஃபைபர் வயர் மடங்கியிருந்தாலோ, அதோட பச்சைத்தலை கனெக்டர்ல தூசி இருந்தாலோ ஒளியோட பவர் குறையும். அப்பவும் ஒளி மெதுவா வராது. பிழை வந்து பாக்கெட், அதாவது டேட்டாத் துண்டு, வழியிலேயே தொலையும். அது வேற நோய், நாள் முழுக்க படுத்தும். சரியா 6 மணிக்கு மட்டும் வராது.

இன்னொண்ணு பாருங்க. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல. ஒளிக்கே போய்வர 30 மில்லி செகண்டுக்கு மேல ஆகும். தூரம்தான் காரணம்னா அந்தக் குழந்தை வகுப்புதான் கெடணும்.

இப்போ பெட்டி. நாங்க அதை ஓனுன்னு சொல்வோம். கண்ட்ரோல் ரூம்ல ஓஎல்டின்னு ஒரு மிஷின் இருக்கும். கீழே வர்ற டேட்டா சுலபம். ஓஎல்டி எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒளியா அனுப்பும், அவங்கவங்க ஓனு தன் பங்கை எடுத்துக்கும். மேலே போறதுதான் முறை வெச்சு. ஒரே இழையில 32 வீடு, 64 வீடு கூட இருக்கும். ரெண்டு ஓனு ஒரே சமயத்துல ஒளி விட்டா ரெண்டும் கெட்டுப்போகும். அதனால 'இப்போ நீ பேசு, அடுத்து நீ'ன்னு ஓஎல்டி நேரம் பிரிச்சுக் கொடுக்கும். ஜிபான்கிற ஃபைபர் முறையில 125 மைக்ரோ செகண்டுக்கு ஒரு ஃபிரேம், அதுக்குள்ள ஒவ்வொரு ஓனுவுக்கும் ஒரு துண்டு. கிட்டத்துல இருக்கிற ஓனுவைக் கொஞ்சம் பொறுத்துப் பேசச் சொல்லி, தூரத்து ஓனுவோட சமமா நிறுத்தி வெச்சிடும். இந்தக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்தும் சாதாரணமா 1, 2 மில்லி செகண்ட்தான். அரை இடம் இங்கே போகலை.

போற இடம் வரிசை. உங்களுக்கு மேலே போற குழாய் 10 எம்பிபிஎஸ். வீட்டுல ஏதாவது ஒரு பொருள் பெரிய ஃபைல் அனுப்ப ஆரம்பிச்சா, குழாயை விட வேகமா ஓனுவுக்குள்ள டேட்டா வந்து குவியும். ஓனு அதைத் தூக்கிப் போடாம தன் மெமரியில வரிசையா நிறுத்தும். அரை மெகாபைட் நின்னா போதும், 10 எம்பிபிஎஸ்ல அது காலியாக 400 மில்லி செகண்ட். உங்க சொற்கட்டு அந்த வரிசைக் கடைசியில போய் நிக்குது. வேகச் சோதனையில வர்ற வேக எண்ணை மட்டும் பார்த்தா இது தெரியாது, குழாய் நிறையுதான்னுதான் அது சொல்லும்.

அதனால ஊரைப் பார்க்காதீங்க, மணியைப் பாருங்க. 6 மணிக்கு உங்க வீட்டுல எது அப்லோடு பண்ணுது? லேப்டாப்பை லேன் வயர்ல போட்டு, 5:15க்கு ஒரு தடவை, 6:15க்கு ஒரு தடவை 8.8.8.8ங்கிற கூகுள் சர்வருக்கு பிங் போட்டுப் பாருங்க, ஒரு பாக்கெட் போய்வர எத்தனை மில்லி செகண்ட்னு காட்டும்.

நெட்_பிரியன் தம்பி, 100க்கு மாறி அப்லோடும் கூடினா வரிசை சீக்கிரம் காலியாகும், அது வாஸ்தவம். ஆனா என்ன நிக்குதுன்னு தெரியாம மாசாமாசம் பணம் கட்டணுமா?

மிருதங்க_வாத்தியார்

தம்பி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். 5:15க்கு 11, 12, 11 மில்லி செகண்ட். 6:15க்கு 390, 412, 405.

காரணமும் கிடைத்துவிட்டது. சிங்கப்பூர்க் குழந்தை மறுநாள் பார்த்து சாதகம் செய்வதற்காக, என் கை தெரியும்படி ஒரு ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி அவள் வகுப்பு முழுவதையும் பதிவு செய்கிறேன். 40 நிமிஷம், 4 ஜிபி. 5:50க்கு நிறுத்தியதும் அந்த ஃபோன் தானாகவே கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிக்கிறது. 4 ஜிபி 10 எம்பிபிஎஸ்ஸில் போக 53 நிமிஷம். பையனின் வகுப்பு முழுதும் அதிலேயே போயிருக்கிறது. ஃபோனில் வைஃபையை அணைத்தேன், அடுத்த பிங் 12.

அவனுக்கு ஒரு அட்சரத்துக்கு, அதாவது ஒரு எண்ணிக்கைக்கு, 800 மில்லி செகண்ட் வைத்துத் தாளம் போடுகிறேன். 400 என்றால் துல்லியமாக அரை இடம். காது சொன்னது சரிதான், நான்தான் கை என்று நினைத்துவிட்டேன்.

ஓனுக்கள் முறை வைத்துப் பேசுவதைப் படித்தபோது தனி ஆவர்த்தனம் ஞாபகம் வந்தது. மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசிக்கும்போது ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் கை தூக்குவதில்லை. ஆனால் பதிவை நிறுத்த முடியாது, குழந்தைக்கு அது வேண்டும். என்ன செய்யலாம்?

இழை_ஒட்டுபவன்

ஃபோன்ல தானா ஏத்துறதை நிறுத்திட்டு, ராத்திரி படுக்கப் போறப்போ நீங்களே ஏத்துங்க. செலவே இல்லை.

நிரந்தரமா வேணும்னா, ஓனுவை பிரிட்ஜ் மோடுல, அதாவது ரவுட்டர் வேலை பாக்காம டேட்டாவைக் கடத்த மட்டும், போடச் சொல்லிட்டு, பின்னாடி கேக் இல்லைன்னா எஃப்க்யூ கோடெல்ங்கிற வரிசை ஒழுங்குபடுத்துற வசதி வர்ற ரவுட்டர் ஒண்ணு வையுங்க, ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற ரவுட்டர் மென்பொருள் ஏத்தினதுல வரும். அதுல அப்லோடை 9 எம்பிபிஎஸ்னு வெச்சா, வரிசை ஓனுவுல சேராம ரவுட்டர்ல சேரும். அது பெரிய ஃபைலை ஒதுக்கி நிறுத்தி, சின்னச் சின்னக் குரல் பாக்கெட்டை முன்னாடி விடும். இந்த நோய்க்கு பஃபர்ப்ளோட்னு பேர். 2010ல ஜிம் கெட்டிஸ்னு ஒரு எஞ்சினியர் தன் வீட்டு இணைப்புலேயே கண்டுபிடிச்சு எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். நம்ம ஊர்ல இணைப்பு கொடுக்கிறவங்க நிறைய பேருக்கு இன்னும் இது தெரியலை, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

ஒலிப்பதிவு_அறை (சென்னை)

ஐயா, நீங்களும் பையனும் காதில் என்ன போடுகிறீர்கள்? ப்ளூடூத் என்றால் அதிலேயே ஏறக்குறைய 150 முதல் 250 மில்லி செகண்ட் போய்விடும். இத்தனை நேரம் பேசிய ஃபைபரை விட அது அதிகம். வயர் இயர்ஃபோனுக்கு மாறுங்கள், இருவரும்.

ஆனால் சேர்ந்து வாசிப்பதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மேடையில் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் வாசிப்பு உங்களை வந்தடைய 30 மில்லி செகண்ட் ஆகும். அதைத் தாண்டினால் இருவர் தாளமும் ஒன்றையொன்று பின்னுக்கு இழுக்கும். வீடியோ அழைப்பு செயலிகள் குரலைத் தாங்கிப் பிடித்து வைத்து விடுவதிலேயே அதற்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

மிருதங்க_வாத்தியார்

இருவரும் ப்ளூடூத்தான் போட்டிருந்தோம். நேற்று வயருக்கு மாறினோம். சேர்ந்து வாசிக்கவில்லை, நான் சொல்ல அவன் வாசிக்க, அவ்வளவுதான். வகுப்பு ஆரம்பிக்கும் முன் அவனிடமும் அவன் அம்மாவிடமும், "தப்பு உன் கையில் இல்லை, என் வீட்டு இணைப்பில் இருந்தது" என்று சொன்னேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை, மிருதங்கத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். மூன்று முறை வாசித்த மோராவில், அதாவது முடிப்புச் சொற்கட்டில், மூன்றும் எனக்குப் பழகிய அந்த இடத்திலேயே வந்து விழுந்தது.

பெட்டி அப்படியே இருக்கட்டும் என்று இணைப்புக்காரரிடம் சொல்லிவிட்டேன். பதிவை இரவு 10 மணிக்கு மேல் ஏற்றுகிறேன்.