எத்தனால் கலந்ததும் இழுவை கூடியது, இப்போது எச்சரிக்கை விளக்கு எரிகிறது: ரீமேப் செய்த டர்போ காருக்கு உதவி தேவை

முத்தியால்பேட்டை டர்போ:

வணக்கம். என்னுடையது 2016 மாடல், 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்ஷன். ஆலையிலிருந்து வரும்போது 105 குதிரைத்திறன். பிறகு ரீமேப் செய்தேன், அதாவது எரிபொருள் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் என்ஜின் கணினிக்கு (இ.சி.யு.) சொல்லும் மேப்பை மாற்றினேன். வெளிநாட்டில் கிடைக்கும் எத்தனால் கலக்காத 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப் அது. டியூனர் அதை அப்படியே ஏற்றிக் கொடுத்துவிட்டார்.

எத்தனாலுக்கு ஆக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) அதிகம் என்று படித்ததால், தெரிந்தவர் ஒருவர் மூலம் ஸ்பிரிட் வாங்கி, 30 லிட்டர் பங்க் பெட்ரோலுக்கு 6 லிட்டர் கலந்தேன். அதாவது 20 சதவீதம். தொடக்கத்தில் அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் வண்டி பறந்தது என்றே சொல்லலாம். அடுத்த முறை டேங்க் நிரப்பி அதே அளவில் கலந்தபோது சிக்கல் வந்தது. 4000 சுற்றுக்கு மேல் மிதித்தால் இழுவை செத்துவிடுகிறது, என்ஜின் விளக்கு எரிகிறது. பழுதுக் கோடு படிக்கும் ஓ.பி.டி. கருவியில் பி0171, கலவை மெலிந்திருக்கிறது என்கிற கோடு. லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம், அதாவது மேப்பில் உள்ளதைவிட இ.சி.யு. கூட்டித் தெளிக்கும் எரிபொருள், பிளஸ் 22 சதவீதம். ஸ்பிரிட் ஊற்றுவதற்கு முன் அது பிளஸ் 8 அளவில் இருந்தது.

ஆனால் நான் பொருத்தியிருக்கும், காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் ஏர் ஃப்யூல் மீட்டர் சீரான வேகத்தில் 14.7 காட்டுகிறது. கலவை சரியாகத்தானே இருக்கிறது? இன்ஜெக்டர் போய்விட்டதா? இதைச் சரிசெய்தபின் 50 சதவீதம் வரை போகலாம் என்று இருக்கிறேன். அமெரிக்காவில் இ85 (85 சதவீதம் வரை எத்தனால்) ஊற்றியே ஓட்டுகிறார்களே.

கெடிலக்கரை:

இன்ஜெக்டரை விடுங்கள். அந்த ஸ்பிரிட் கேனை டிக்கியில் வைத்துக்கொண்டு முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை சோதனைச்சாவடிக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். கடலூர்க்காரர்கள் விலை குறைவு என்று புதுச்சேரிக்கு வந்து பெட்ரோல் நிரப்புவதை யாரும் கேட்பதில்லை. கேனில் ஸ்பிரிட் என்றால் கதையே வேறு. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 2023இல் மரக்காணம், 2024இல் கள்ளக்குறிச்சி, இரண்டிலும் உயிரைக் குடித்தது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால். அதன்பிறகு ‘காருக்கு ஊற்ற’ என்று சொன்னால் எந்தக் காவலர் நம்புவார்?

பண்ருட்டி மெக்கானிக்:

மேலே சொன்னது கிண்டல் இல்லை தம்பி, முதலில் அதைக் காதில் வாங்குங்கள். உங்கள் கேனில் இருப்பது எத்தனால்தான் என்று எப்படித் தெரியும்? மெத்தனாலும் பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். அலுமினியத்தை அது எத்தனாலைவிட மோசமாக அரிக்கும்.

இனி கணக்கு. நீங்கள் 20 சதவீதம் என்று நினைக்கிறீர்கள். இப்போது பங்கில் வருவதே இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 30 லிட்டரில் ஏற்கெனவே 6 லிட்டர் எத்தனால் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு 6. மொத்தம் 36 லிட்டரில் 12, அதாவது 33 சதவீதம்.

எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். உங்கள் 33 சதவீதக் கலவைக்கு 12.7 அளவில் வரும். அதே காற்றுக்கு லிட்டர் கணக்கில் ஏறத்தாழ 13 சதவீதம் கூடுதல் எரிபொருள் தெளிக்க வேண்டும். வெறும் இ20க்கு இதே கணக்கைப் போட்டால் 7 முதல் 8 சதவீதம். உங்கள் பழைய பிளஸ் 8 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? எத்தனால் இல்லாத மேப்பில் இ20 ஊற்றினால் அப்படித்தான் காட்டும். அது பழுது இல்லை.

இப்போது பிளஸ் 13 காட்டியிருந்தால் ‘மேப்பை மாற்றுங்கள்’ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். நீங்கள் சொல்வது 22. மிச்சம் 9க்கு எத்தனால் அளவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. என் சந்தேகங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

பெரிய சந்தேகம் ஃப்யூல் ஃபில்டர். பல ஆண்டுகளாக டேங்கின் அடியிலும் குழாய்களிலும் படிந்த பிசினை எத்தனால் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். அது நேராகப் போய் ஃபில்டரில் உட்காரும். முதல் டேங்கில் ஓடி, இரண்டாவதில் நிற்கிறது என்றாலே கைகள் ஃபில்டர் பக்கம்தான் போகும். அடுத்தது டேங்கில் உள்ள பம்ப். கூடுதல் அளவைத் தள்ள முடியாமல் அழுத்தம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, தண்ணீர். கடலோரக் காற்றில் மூடி சரியில்லாத கேனில் வைத்த ஸ்பிரிட் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு கடைசியில். ரீமேப்பில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றியிருப்பதால் குழாய் இணைப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 100 மில்லி அளவுக் கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி உங்கள் டேங்க் பெட்ரோல். மூடி, குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து ஆவியை விட்டு, அசையாமல் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். 33 சதவீதம் என்றால் கீழ்க்கோடு 40ஐ ஒட்டி வரும், வெறும் இ20 என்றால் 28ஐ ஒட்டி. திறந்தவெளியில் செய்யுங்கள், அடுப்பங்கரையில் வேண்டாம். மெத்தனாலும் இதேபோல் கீழே இறங்கும் என்பதால், எந்த ஆல்கஹால் என்று இந்தச் சோதனை சொல்லாது.

டைனோ பித்தன்:

மீட்டர் 14.7 காட்டுகிறது என்ற சமாதானத்தை உடனே விட்டுவிடுங்கள். சென்சார் அளப்பது லாம்டாவை. லாம்டா 1 என்றால் ‘எந்த எரிபொருளோ அதற்குச் சரியான கலவை’ என்று பொருள். மீட்டர் தயாரித்தவர் அதைப் பெட்ரோல் கணக்கில் 14.7ஆல் பெருக்கித் திரையில் போடுகிறார், அவ்வளவுதான். டேங்கில் சுத்த எத்தனால் இருந்தாலும் லாம்டா 1இல் அது 14.7 என்றே காட்டும். சீரான வேகத்தில் இ.சி.யு. ட்ரிம்மைக் கூட்டி லாம்டாவை 1இல் பிடித்து வைத்திருக்கிறது. முழுதாக மிதிக்கும்போது என்ன காட்டுகிறது என்பதுதான் கேள்வி, அதை நீங்கள் எழுதவில்லை. அங்கே மெலிந்தால் பிஸ்டன் போகும். எந்த ஆக்டேனும் காப்பாற்றாது.

அந்த ‘பறந்தது’ பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனாலின் வெப்ப ஆற்றல் கிலோவுக்கு 27 மெகாஜூல் அளவு, பெட்ரோலுக்கு 43க்கு மேல். ஆனால் அதே காற்றுக்கு எத்தனால் அதிகம் செலவாகிறது. ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் என்று பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆகவே டேங்கில் ஊற்றியதும் திறன் கூடிவிடாது. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சும். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் என்ஜினில் காற்று நன்றாகக் குளிரும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) தள்ளிப்போகும். அந்த இடைவெளியைப் பயன்படுத்தி டியூனர் ஸ்பார்க் விழும் நேரத்தை முன்னே நகர்த்தி, பூஸ்டையும் ஏற்றினால்தான் திறன் வரும். மேப்பைத் தொடாமல் ஊற்றினால் இ.சி.யு. தானாக மேப்பைத் தாண்டி முன்னே போகாது.

பிறகு ஏன் பறந்தது? உங்கள் மேப் 98 ஆக்டேனுக்கு எழுதியது. நம் இ20இன் ஆக்டேன் 95 அளவில்தான் இருக்கும். நாக் சென்சார் இத்தனை நாளும் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்திருக்கும். ஸ்பிரிட் ஊற்றியதும் அந்த இழுப்பு நின்றது. டியூனருக்குக் காசு கொடுத்தும் கைக்கு வராத திறன்தான் அன்று வந்தது. 100 ஆக்டேன் பெட்ரோல் நிரப்பியிருந்தால் அதே இழுவை சட்டப்படியே கிடைத்திருக்கும். விலையைப் பார்த்தால் வயிறு எரியும் என்பது உண்மைதான்.

முத்தியால்பேட்டை டர்போ:

நன்றி அண்ணா, இருவருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். பிரேசிலில் முழு எத்தனாலில் கார்கள் ஓடுகின்றன, அதுவும் தண்ணீர் கலந்த எத்தனாலில். அங்கே ஓடுவது இங்கே ஏன் ஓடாது?

டைனோ பித்தன்:

ஓடும், அதற்காகவே செய்த காராக இருந்தால். பிரேசிலில் சாதாரணப் பெட்ரோலிலேயே பல ஆண்டுகள் 27 சதவீதம் எத்தனால் இருந்தது, 2025 ஆகஸ்டில் 30 ஆக்கினார்கள். பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் அங்குள்ள ஃப்ளெக்ஸ் கார்களில் பம்ப், இன்ஜெக்டர், ரப்பர், மேப் எல்லாமே அதற்கென்று வந்தவை. இங்கும் 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் எத்தனால் 100 விற்பனையைத் தொடங்கினார்கள். அதுவும் ஃப்ளெக்ஸ் வண்டிகளுக்குத்தான். உங்கள் கார் 2016. இ20ஐத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில்.

இ85 ஆசைக்கும் ஒரு கணக்கு: பெட்ரோலைவிட 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல் அளவு தெளிக்க வேண்டும். பூஸ்ட் ஏற்றிய வண்டியில் உயர் அழுத்தப் பம்ப் அதற்கு வெகு முன்பே மூச்சு வாங்கிவிடும். ஆசை தீராவிட்டால் எத்தனால் சென்சார் வைத்து, அது சொல்லும் சதவீதத்துக்கு ஏற்ப மேப் மாறும்படி எழுத வேண்டும். அந்த சென்சாரின் கணக்கு எளிது: 50 ஹெர்ட்ஸ் என்றால் பூஜ்யம், 150 என்றால் முழு எத்தனால். இது இல்லாமல் கண்மதிப்பில் ஊற்றினால் ஒவ்வொரு டேங்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

வில்லியனூர் டூ ஸ்ட்ரோக்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பழைய ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் பைக் இருக்கிறது. அதில் கொஞ்சம் கலக்கலாமா?

பண்ருட்டி மெக்கானிக்:

வேண்டாம். கார்புரேட்டரில் ட்ரிம் பார்க்க இ.சி.யு. இல்லை, எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாவிட்டால் கலவை மெலிந்து, என்ஜின் இறுகி சீஸ் ஆகும். பெட்ரோலோடு கலந்து ஊற்றும் சாதாரண 2டி ஆயில் ஆல்கஹாலோடு ஒழுங்காகச் சேராது. பந்தயக்காரர்கள் விளக்கெண்ணெய் வகை ஆயில் போட்டதெல்லாம் ஓட்டம் முடிந்ததும் என்ஜினைப் பிரித்துத் துடைக்கிறவர்களுக்கு. இ20க்கே அந்த வண்டியின் ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் மாற்றிவிடுவது நல்லது.

முத்தியால்பேட்டை டர்போ:

சோதனை முடிவுகள். கண்ணாடிக் குழாயில் கீழ்க்கோடு 40க்குச் சற்றுக் கீழே நின்றது. உங்கள் கணக்கு சரி. டேங்கிலிருந்து எடுத்த மாதிரியை இரவு முழுவதும் வைத்தும் இரண்டு அடுக்காகப் பிரியவில்லை, தண்ணீர் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். லாஸ்பேட்டையில் ஒரு பட்டறையில் காட்டினேன். முழு மிதியில் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாய்) அழுத்தம் இ.சி.யு. கேட்பதைவிடக் கீழே விழுகிறது, டேங்க் பம்பின் அழுத்தமும் குறைகிறது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வடிந்தது. டேங்கைக் காலி செய்து, புது ஃபில்டர் போட்டு, வெறும் பங்க் பெட்ரோல் ஊற்றியிருக்கிறேன். விளக்கு அணைந்துவிட்டது. ட்ரிம் பிளஸ் 9. 4000க்கு மேல் இழுக்கிறது, ஆனால் அந்தப் பழைய பறப்பு இல்லை. மிச்சக் கேனை என்ன செய்வது?

கெடிலக்கரை:

கேனைப் பற்றி இங்கே இனி எழுதாதீர்கள். ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். அதுவரை குழந்தைகள் கைபடும் இடத்திலோ சாமி விளக்கு எரியும் அறையிலோ வைக்க வேண்டாம். 13 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவு ஆவி விடுகிற பொருள் அது, நம் ஊர் மார்கழிகூட அதற்குச் சூடுதான். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.

பண்ருட்டி மெக்கானிக்:

பிளஸ் 9 போதும், அதில் பெரும்பகுதி இ20இன் கணக்கு. இன்னும் ஒரு டேங்க் ஓடியபின் ஃபில்டரை மறுபடி பாருங்கள்; கரைந்த பிசின் முழுவதும் ஒரே தடவையில் வந்திருக்காது. பம்ப் அழுத்தம் அப்போதும் குறைந்தால் பம்பையே மாற்ற வேண்டும். பிறகு டியூனரிடம் போய், இ20ஐ டேங்கில் வைத்து, டைனோவில் (திறன் அளக்கும் மேடை) ஏற்றி, மேப்பைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். ‘98 ஆக்டேன் மேப்பே இருக்கட்டும்’ என்று அவர் சொன்னால் வேறு டியூனரைப் பாருங்கள்.