புள்ளலூர்ப் போர்: சிப்பாய்களின் காலடியில் எந்த மண்ணைப் போடுவது?

கிளிஞ்சல் எழுதியது:

எட்டு மாதம் உட்கார்ந்து அறுபது சிப்பாய்களைத் தீட்டி முடித்துவிட்டேன். எல்லாம் பகடை உருட்டி மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. உயர உலோகப் பொம்மைகள், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையினர். மேசைமேல் நான் கொண்டுவர நினைப்பது 1780 செப்டம்பர் 10ஆம் தேதியை. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து அழித்த நாள் அது. பெய்லியிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 3,800 பேர். ஒரு பொம்மைக்கு முப்பது ஆள் என்று கணக்கு வைத்தாலும் அந்தப் பக்கத்துக்கே நூற்று இருபத்தைந்துக்கு மேல் வேண்டும். ஹைதரின் குதிரைப்படையை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. மைசூர்க்காரர்களின் உடையில் புலிக்கோடு போடும் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

வண்ணத்தில் எனக்குப் பெரிய குறையில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புட்டியில் 'தோல் நிறம்' என்று எழுதி விற்கிறார்களே, அது வெள்ளைக்காரரின் கன்னத்து நிறம். நம் சிப்பாய்க்கோ அரைக்கால் சட்டை. அறுபது பேருக்கு நூற்று இருபது கால்கள் வெளியே தெரிகின்றன. அடர்பழுப்பில் தொடங்கி, மஞ்சள் காவியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, முட்டியிலும் ஆடுசதையிலும் மட்டும் வெளிச்சம் ஏற்றினேன். எல்லாரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் தெரியக் கூடாது என்பதற்காக மூன்று கலவைகள்.

தொல்லை கால்களுக்குக் கீழேதான். நாற்பதுக்கு நாற்பது மி.மீ. அடித்தட்டில் நால்வரை நிறுத்துகிறேன். முதலில் நாற்றுப் பண்ணையிலிருந்து செம்மண் எடுத்து ஒட்டினேன். சிவப்புச் சட்டைக்காரர்கள் சிவப்பு மண்ணில் காணாமல் போனார்கள், செங்கல் சூளையில் வேலைக்கு நிற்பவர்கள்போல. அடுத்து திருவான்மியூர் கடற்கரை மணல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் உப்புப் பூத்துவிட்டது.

போதாக்குறைக்கு, கடைசிப் பத்துப் பேருக்கு மழைக்கு நடுவே மொட்டைமாடியில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். பனி படர்ந்ததுபோல வெளுத்துவிட்டார்கள். அவர்களைக் காப்பாற்ற வழி உண்டா? மண்ணுக்கு என்ன செய்யலாம்? வெளிநாட்டுப் புல் குஞ்சங்களை வாங்கச் சொல்லாதீர்கள். பொருளைவிடத் தபால் செலவு அதிகமாக இருக்கிறது.


குளிர்காய்ச்சல் எழுதியது:

வெளுத்த பத்துப் பேரையும் சுரண்டிவிடாதீர்கள். காற்றின் ஈரம் வார்னிஷோடு சேர்ந்து படிந்ததால் வந்த வெளுப்பு அது. அடியில் வண்ணம் அப்படியேதான் இருக்கும். பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லிதாக ஒரு பூச்சுப் பூசுங்கள். பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். நன்றாகக் காய்ந்தபிறகு மேலே மங்கல் வார்னிஷ், அதுவும் தூரிகையால். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடுவதில்லை என்று நான் முடிவெடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாகப் பூசும் பிரைமரையும் அந்த மாதங்களில் கையால்தான் பூசுகிறேன்.

மண்ணைப் பற்றி ஏரிக்கரை ஐயா வந்து சொல்வார். அவர் அந்த ஊருக்கே போய்வந்தவர்.


ஏரிக்கரை எழுதியது:

போய்வந்தேன், உண்மைதான். அங்கே வயலுக்கு நடுவே இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவை பெய்லியின் ஆட்களுக்கானவை அல்ல. மறு ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, அதே நிலத்தில் ஹைதரோடு ஆங்கிலத் தளபதி அயர் கூட் மோதியபோது இறந்த இரண்டு அதிகாரிகளுக்கு எழுப்பியவை. நான் தூண்களைப் பார்த்ததைவிடக் குனிந்து மண்ணைப் பார்த்ததுதான் அதிகம். கூட வந்த ஆட்டோ ஓட்டுநர், ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தானும் தேட ஆரம்பித்துவிட்டார்.

தம்பி, நீங்கள் செம்மண்ணில் தொடங்கியதே 'போர்க்களம் என்றால் காய்ந்து வெடித்திருக்கும்' என்ற நினைப்பினால்தான். அந்த ஆண்டுக் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். பெய்லி குண்டூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர். ஆகஸ்ட் கடைசியில் கொசஸ்தலையாற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தார். அன்றைக்கே ஆற்றைக் கடந்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கரையிலேயே முகாம் போட்டார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம்வரை அவரால் அக்கரைக்குப் போக முடியவில்லை. ஹைதருக்கு வேண்டியிருந்த அவகாசம் அப்படித்தான் கிடைத்தது. ஆறு அப்படி ஓடிய பருவத்தில் பக்கத்து நிலம் பொட்டலாகவா கிடந்திருக்கும்? புல் தளிர்விட்டிருக்கும், பள்ளங்களில் மண் கறுத்துக் கிடக்கும், வரப்போரம் சேறு இருக்கும். என் அடித்தட்டுகளை அப்படித்தான் செய்தேன். பச்சைக்கு நடுவே நிறுத்தினால் சிவப்புச் சட்டை தானாகவே எடுத்துக்காட்டும். உங்கள் செங்கல் சூளைச் சிக்கலும் அதோடு தீர்ந்தது.

இனி கலவை. நான் பயன்படுத்துவது கோலமாவு. சிரிக்காதீர்கள். வெள்ளைக் கல்லை அரைத்து விற்கிறார்களே, அந்தக் கல்மாவு. இரண்டு கரண்டி மாவுக்கு ஒரு கரண்டி ஃபெவிகால், சில சொட்டுத் தண்ணீர். பழுப்பு அக்ரிலிக்கை அதிலேயே கலந்துவிட வேண்டும். மேலே பூசிக்கொள்ளலாம் என்று விட்டால், ஓரம் உதிரும் அன்று உள்ளிருந்து வெள்ளை பல்லைக் காட்டும். ஐஸ் குச்சியால் தடவி, ஈரம் இருக்கும்போதே டீ வடிகட்டியில் சலித்த ஆற்றுமணலைத் தூவி விரலால் அழுத்துங்கள். கடல்மணலை எத்தனை முறை அலசினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஓர் இரவு காயட்டும். பிறகு நீர்த்த கரும்பழுப்பை ஓடவிடுங்கள். அதுவும் காய்ந்தபின், தூரிகையில் சந்தன நிறத்தைத் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் உரசுங்கள். சேறு வேண்டிய இடத்தில் உரசாமல் விட்டு, பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு வையுங்கள்.

கல்மாவுதானா என்று பார்த்து வாங்குங்கள். என் முதல் தொகுதியில் வீட்டிலிருந்த டப்பாவை எடுத்துக் கலந்தேன். அது அரிசிமாவு. மூன்றாம் வாரம் அலமாரிக் கதவைத் திறந்தால் எறும்புச் சாரை. பத்து அடித்தட்டுகளின் ஓரமும் அரித்துக் குழிகுழியாகிவிட்டது. ஒரு கொடி பிடிப்பவன் காலடி மண் இல்லாமல் சாய்ந்து நின்றான். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "அரிசிமாவில் கோலம் போடுவதே எறும்பு தின்னத்தானே, அது தன் பங்கைத் தின்றிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

புல்லுக்குத் தேங்காய் நார். ஐந்து மி.மீ. நீளத்துக்கு வெட்டி, பாதியைப் பச்சையில் தோய்த்துக் காயவைத்து, மீதியை அதன் நிறத்திலேயே விட்டு, இரண்டையும் கலந்து சிறு கட்டாகப் பிடியுங்கள். அடியைப் பசையில் தொட்டு நட்டால் நிற்கும். அடித்தட்டுக்கு மூன்று கட்டு போதும். ஐந்து வைத்தால் சிப்பாயின் கால் மறைந்துவிடும், நீங்கள் மூன்று கலவை போட்டுத் தீட்டிய கால். காய்ந்த தேயிலைத் தூளைச் சருகாகப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மேசையில் பனைமரம் இல்லாமல் முடியாது. ஆனால் உயரத்தில் ஏமாறாதீர்கள். இருபது மீட்டர்ப் பனையை 28 மி.மீ. ஆளுக்கு ஏற்ற அளவில் செய்தால் ஓரடிக்கு மேல் வரும். கையை நீட்டும்போதெல்லாம் சட்டைக் கை தட்டிச் சாய்க்கும். அதில் பாதி உயரம் வைத்தேன், கண்ணுக்கு உறுத்தவில்லை. தடிமனான மூங்கில் குச்சியில் நூலை நெருக்கிச் சுற்றிப் பசை தடவினால் பனையின் வளையங்கள் வந்துவிடும். ஓலைக்குக் காகிதத்தை விசிறிபோல மடித்து, நுனியைப் பல்லுப்பல்லாக வெட்டிக்கொள்ளலாம்.


ஈயக்குண்டு எழுதியது:

ஐயா சொன்ன கலவையில் ஒரு திருத்தம். உண்மையான மண்ணின் நிறத்தை அப்படியே போட்டால் மேசைமேல் அது கறுத்துத் தெரியும்.  எல்லா நிறத்தையும் ஒரு படி வெளிறச் செய்யுங்கள். சட்டையின் சிவப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு அந்தப் புலிக்கோடு. அது திப்பு ஆட்சியின் அடையாளம். ஹைதர் இறந்தது 1782 டிசம்பரில். 1780இல் களத்தில் இருந்தது ஹைதரின் படை, மகன் அதில் ஒரு தளபதி. 1799 சீரங்கப்பட்டண முற்றுகைக்கு எவ்வளவு கோடு வேண்டுமானாலும் போடுங்கள், புள்ளலூருக்கு வேண்டாம். வெள்ளையும் மங்கிய நிறங்களுமாக ஒழுங்கற்றுத் தெரிந்தால் போதும். வேலையும் மிச்சம்.

ஹைதர் பக்கத்தில் ராக்கெட்டுக்காரர்கள் நாலு பேரையாவது வையுங்கள். இரும்புக் குழாய்க்குச் சிறு ஆணியின் துண்டு, மூங்கிலுக்குத் துடைப்ப ஈர்க்கு.


ஏரிக்கரை எழுதியது:

நிறத்தை வெளிறச் செய்வதை ஏற்றுக்கொள்கிறேன். சட்டையில் கை வைக்க மாட்டேன். எட்டு மாதம் தீட்டியவரிடம் போய்ச் சிவப்பை மாற்று என்று எப்படிச் சொல்வீர்கள்?


கிளிஞ்சல் எழுதியது:

சட்டை அப்படியே இருக்கட்டும், ஈயக்குண்டு அண்ணா மன்னிக்க வேண்டும்.

வெளுத்த பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைத்துவிட்டார்கள். மற்ற இருவருக்கும் தலைப்பாகை மடிப்பில் மட்டும் வெள்ளை நிற்கிறது. அவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டேன்.

கோலமாவு வாங்கப் போனபோது கடைக்காரரிடம் கல்லா அரிசியா என்று கேட்டேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் "கல்" என்றார். முதல் மூன்று அடித்தட்டுகள் காய்ந்துவிட்டன. நார் இரண்டு கட்டு, சேறு ஒரு மூலையில். நேற்று இரவு விளக்கை ஒரு பக்கமாக வைத்துப் பார்த்தேன். நால்வரும் எங்கேயோ நடந்து வந்து நின்றதுபோல் இருக்கிறார்கள். இதற்குமுன் அவர்கள் மேசையில்தான் நின்றார்கள். புலிக்கோட்டை விட்டுவிட்டேன், அதற்காக வாங்கிவைத்த மிக மெல்லிய தூரிகையை மீசைக்கு வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரின் ஓவியத்தைப் பார்த்திருக்கிறேன். சதுரமாக நிற்கும் ஆங்கிலப் படை, பல்லக்கில் பெய்லி, நடுவே வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி. அந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். புகைக்குப் பஞ்சு வைக்கலாமா?


ஏரிக்கரை எழுதியது:

வைக்கலாம், வெள்ளையாக விடாதீர்கள். அடியில் ஆரஞ்சு, நடுவில் சாம்பல், நுனியில் கறுப்பு. தண்ணீராகக் கரைத்துத் தெளியுங்கள், தூரிகையால் தொட்டால் பஞ்சு அமுங்கிவிடும். வண்டியோடு ஒட்டாமல் தனியாக ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். ஆட்டத்தில் வண்டி எப்போது வெடிக்கும் என்பது பகடை விழுந்தபிறகுதானே தெரியும். அதுவரை புகையைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.