பிஎச்.டி. விண்ணப்பம்: மார்ச் பாதி தாண்டியும் பதில் இல்லை. இல்லை என்றே வைத்துக்கொள்வதா?

மன்னைப் பொண்ணு
எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி. அமெரிக்காவில் இந்த ஆகஸ்ட் சேர்க்கைக்கு மண் நுண்ணுயிரியல், தாவர நோயியல், பொது உயிரியல் என்று கலந்து டிசம்பரில் விண்ணப்பித்தேன். சில இடங்களில் மறுப்பு வந்துவிட்டது. ஒரு தாவர நோயியல் துறையில் ஜனவரி கடைசியில் ஜூமில் நேர்காணல் நடந்தது, அதன் பிறகு மூச்சுப் பேச்சு இல்லை. மிச்ச இடங்களில் விண்ணப்பப் போர்ட்டல் "சப்மிட்டட்" என்றே நிற்கிறது. கையில் இருப்பது உதவித்தொகை இல்லாத ஒரு எம்.எஸ். இடம் மட்டும். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் டெபாசிட் கட்டச் சொல்கிறார்கள்.

இந்த மௌனத்தை எப்படிப் படிப்பது? யாருக்காவது எழுதிக் கேட்கலாமா, அது எரிச்சல் மூட்டுமா? அப்பா நிலத்தை வைத்து லோன் போடலாம் என்கிறார். அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

குடந்தை மைக்ரோஸ்கோப்
தங்கச்சி, முதல்ல "சப்மிட்டட்"னு நிக்கிற இடங்களைப் பாருங்க. நீங்க பட்டனை அமுக்கிட்டீங்கன்னுதான் அதுக்கு அர்த்தம். ஃபைல் முழுசா இருக்குன்னு அர்த்தம் இல்லை. உள்ளே போனா செக்லிஸ்ட் இருக்கும்: பரிந்துரைக் கடிதம், டோஃபல் (ஆங்கிலத் தேர்வு) மதிப்பெண், மார்க் ஷீட். ஒண்ணு குறைஞ்சாலும் சில துறைகள் ஃபைலைச் சேர்க்கைக் கமிட்டிக்கே அனுப்பாது, அதை உங்களுக்குச் சொல்லவும் மாட்டாங்க.

நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு அதிகமா மாட்டுறது பேர்தான். மார்க் ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிச்சு எழுதியிருக்கும், இல்லேன்னா சர்நேம் கட்டமே காலியா இருக்கும். விண்ணப்பத்துல சர்நேம் போடாம நகர முடியாதுன்னு ஏதோ ஒண்ணைப் போட்டிருப்போம். டோஃபல் மதிப்பெண் பேரையும் பிறந்த தேதியையும் வெச்சுத்தான் விண்ணப்பத்தோட சேரும். பேரு ஒத்துப்போகலைன்னா மதிப்பெண் அங்க போயிருந்தாலும் யாரோடதுன்னு தெரியாம அநாதையாக் கிடக்கும். "நாட் ரிசீவ்ட்"னு இருந்தா மறுபடி பணம் கட்டி அனுப்பாதீங்க. பாஸ்போர்ட்ல உள்ள பேரு, டோஃபல்ல உள்ள பேரு, டோஃபல் பதிவு எண், பிறந்த தேதி நாலையும் எழுதி, இணைச்சுவிடச் சொல்லி சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போதும்.

பரிந்துரைக் கடிதம் வரலைன்னா காரணம் பெரும்பாலும் ஸ்பாம். போர்ட்டல் தானா அனுப்புற லிங்க், கடிதம் எழுதுற சாரோட ஜிமெயில்ல ஸ்பாமுக்குள்ள போயிடும். போர்ட்டல்லயே "ரிமைண்டர்" அனுப்புற வசதி இருக்கும். அனுப்பிட்டு சாருக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க.

வெண்ணாற்றங்கரை
செக்லிஸ்ட் சரியாக இருந்தால் மௌனத்துக்கு மிஞ்சுவது இரண்டு காரணங்கள். ஒன்று, முடிவு எடுத்தாகிவிட்டது, கடிதம் மட்டும் வரவில்லை. துறை பரிந்துரைக்கும், அதிகாரபூர்வக் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தின் கிராஜுவேட் ஸ்கூல் அலுவலகம் அனுப்பும். மறுப்புக் கடிதங்களை மொத்தமாக ஒரே நாளில் விடுவதும் உண்டு. இன்னொன்று, நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள். அதை எல்லாத் துறையும் வெளியே சொல்வதில்லை.

எது என்று ஊகிக்கத் துறையின் வழக்கம் தெரிய வேண்டும். பொது உயிரியல் பிஎச்.டி.யில் முதல் வருடம் ஆய்வகம் ஆய்வகமாகச் சுழற்சியில் போவார்கள். சேர்க்கை முடிவு கமிட்டியுடையது, நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். அங்கே இதுவரை அழைப்பு வராத இடங்களை மனதளவில் கழித்துவிடுங்கள். அங்கே வெளிநாட்டவருக்கு இடம் குறைவதற்கு ஒரு காரணம் உண்டு: என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) தரும் பயிற்சி மானியங்களில் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும்தான் சம்பளம் கொடுக்க முடியும். மண்ணியல், தாவர நோயியல் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் ஒரு பேராசிரியர் தன் மானியத்திலிருந்து ஆளை எடுப்பார். மானியம் உறுதியாகும்வரை அவராலும் வாய் திறக்க முடியாது. நேர்காணல் முடிந்து மௌனம் என்றால் எனக்கு அது காத்திருப்பாகத்தான் படுகிறது.

ஏப்ரல் 15 என்ற தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு கொடுத்த இடத்துக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று மாணவரை நெருக்கக் கூடாது. நாலைந்து இடம் கையில் வைத்திருப்பவர்கள் கடைசி வாரத்தில்தான் மற்றவற்றைக் கைவிடுவார்கள். மேட்டூர் திறந்த மறுநாளே கடைமடையில் தண்ணீர் நிற்காது, மேல்மடை விட்ட பிறகுதான் வரும். ஏப்ரல் 10 முதல் 20 வரை மெயிலைக் கவனமாகப் பாருங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு அவர்களுடைய கிழக்குக் கடற்கரை நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அவர்கள் அலுவலக நேரம் இங்கே மாலை 6.30 முதல் பின்னிரவு 2.30 வரை. பகலெல்லாம் போர்ட்டலைத் திறந்து திறந்து பார்ப்பதில் பயன் இல்லை.

எழுதிக் கேட்பது தவறே இல்லை. ஒரு துறைக்கு ஒரு தடவை, கிராஜுவேட் புரோகிராம் கோஆர்டினேட்டருக்கு (துறையில் சேர்க்கை வேலையைப் பார்க்கும் அலுவலர்) மட்டும். பொருள் வரியில் விண்ணப்ப எண். உள்ளே பெயர், எந்தப் படிப்பு, எந்தப் பருவம், ஃபைல் முழுமையாக உள்ளதா, முடிவு எப்போது எதிர்பார்க்கலாம். கையில் கெடு உள்ள வேறொரு இடம் இருந்தால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள், அது அவர்களுக்குப் பயன்படும் தகவல். "என் கனவு" வகையறா வேண்டாம். பேராசிரியர்களுக்கு எழுத வேண்டாம்.

நன்னிலம் நாற்றங்கால்
கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். கமிட்டி முடிவெடுக்கும் இடங்களுக்கு அது சரி. ஜூமில் பேசி நேர்காணல் எடுத்த தாவர நோயியல் பேராசிரியருக்கு எழுதலாம், எழுதவும் வேண்டும். "இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், இந்த வருடம் உங்கள் ஆய்வகத்தில் நிதியோடு இடம் இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். 2025-ல் அமெரிக்க மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி ஆட்டம் கண்டதும் பல இடங்களில் சேர்க்கையைக் குறைத்தார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி கொடுத்த இடங்களையே திரும்பப் பெற்றது. எனவே வாய்வார்த்தையை நம்பி எதையும் கைவிடாதீர்கள். சம்பளத் தொகை, எத்தனை வருடம், கல்விக் கட்டணத் தள்ளுபடி மூன்றும் எழுத்தில் வந்தால்தான் அது இடம்.

டெபாசிட் விஷயம். உதவித்தொகை இல்லாத எம்.எஸ்.க்கு ஏப்ரல் 15 தீர்மானம் பொருந்தாது. ஆனால் கெடுவை இரண்டு வாரம் நீட்டிக் கேட்கலாம், பல இடங்களில் தருவார்கள். டெபாசிட் பொதுவாகத் திரும்ப வராது என்பதால் கேட்காமல் கட்டாதீர்கள்.

நிலம் பற்றி அப்பாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வங்கிக் கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். டெல்டாவில் எல்லார் வீட்டிலும் இருப்பது நஞ்சைதான். அடமானச் சொத்தை வங்கி நேராக எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது, கடன் நின்றால் அதன்படி வங்கி நிலத்தை எடுக்க முடியாது. அதனால் நஞ்சைப் பட்டாவைப் பல கிளைகள் ஏற்பதில்லை. வீடோ மனையோ கேட்பார்கள். இது தெரியாமல் டெபாசிட் கட்டிவிட்டு மேலாளர் முன்னால் போய் நின்றால், ஐ-20க்கு (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) முதல் வருடச் செலவுக்குப் பணம் காட்டும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மன்னைப் பொண்ணு
ரொம்ப நன்றி. பார்த்தேன். ஒரு இடத்தில் மூன்றாவது கடிதம் வரவில்லை, இன்னொன்றில் டோஃபல் "நாட் ரிசீவ்ட்". இரண்டுக்கும் இன்று மெயில் போடுகிறேன். ஏப்ரல் 15 வரை காத்திருந்தால் விசாவுக்கு நேரம் போதுமா? எதுவும் அமையாவிட்டால் இங்கே என்ன செய்யலாம்?

குடந்தை மைக்ரோஸ்கோப்
கடிதம் வராத இடத்துல ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க: "இந்தக் கடிதம் இல்லாமலே கமிட்டி பார்த்ததா?"ன்னு. பார்த்திருந்தா இப்ப சாரைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை.

விசாவுக்கு நேரம் இருக்கு, ஆனா சோம்பல் கூடாது. ஐ-20 வந்தாத்தான் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர் கட்ட முடியும். அதுக்கப்புறம் விசாக் கட்டணம், சென்னைத் துணைத் தூதரக நேர்காணல் நாள். சீல் வெச்ச டிரான்ஸ்கிரிப்டுக்காக (பல்கலைக்கழகம் தர்ற மதிப்பெண் தொகுப்பு) இப்பவே திருச்சி பல்கலைப்பேரூருக்கு அலைய வேணாம். பரிசீலனைக்கு நீங்க ஏத்தின ஸ்கேன் பெரும்பாலும் போதும், அசல் இடம் உறுதியான பிறகுதான் கேப்பாங்க.

வெண்ணாற்றங்கரை
இங்கே என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஆராய்ச்சிக்கான தேசியத் தகுதித் தேர்வு), லைஃப் சயின்சஸ் தாள். வருடம் இரண்டு தடவை நடக்கும். ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். ஜே.ஆர்.எஃப். தவறினாலும் "பிஎச்.டி. மட்டும்" என்ற தகுதிப் பிரிவு 2024 முதல் இருக்கிறது. அதை வைத்து நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் விண்ணப்பிக்கலாம், ஒவ்வொரு இடத்தின் அறிவிப்பையும் தனியாகப் படிக்க வேண்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் திட்டப் பணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வேளாண் பல்கலைக்கழக இணையதளத்தில் வரும். வேளாண் பட்டம்தான் வேண்டும் என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி ஏற்கும் திட்டங்களுக்குப் போடுங்கள்.

அமெரிக்காவுக்கு மறுபடி போடுவதானால் டோஃபலுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள் என்பதையும், பிஎச்.டி. சேர்க்கை பெரும்பாலும் ஆகஸ்டுக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மறுத்த துறையிடம் காரணம் கேட்டால் அநேகமாகப் பொதுவான நாலு வரிதான் வரும். உங்கள் எஸ்.ஓ.பி.யை (விண்ணப்பத்தோடு எழுதிய நோக்க அறிக்கை) பரிந்துரைக் கடிதம் கொடுத்த ஆசிரியரிடம் கொடுத்து, எந்தப் பத்தியில் கவனம் விட்டுப்போகிறது என்று கேளுங்கள்.