மதுரையில் காலையில் வரைந்த சூரியப்புள்ளிப் படம் மாலையில் தலைகீழாகிறது – உதவி தேவை

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் பள்ளி ஆசிரியை நான். அறிவியல் மன்றப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சூரியப்புள்ளிகளை (சூரிய முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள்) தொலைநோக்கி வழியே தாளில் விழவைத்து வரைந்து வருகிறோம். 70 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி, குவியத்தூரம் 700 மி.மீ., 20 மி.மீ. ஐபீஸ் (கண்ணருகு வில்லை). மவுண்ட், அதாவது தாங்கி, மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் சாதாரண ஆல்ட்-அசிமத், மோட்டார் கிடையாது. அட்டைப்பெட்டிக்குள் 15 செ.மீ. வட்டம் போட்ட வெள்ளைத்தாள். யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை, அந்தக் கட்டுப்பாடு முதல் நாளிலிருந்தே உண்டு.

ஏப்ரல் 10 அன்று காலை 8 மணிக்கு ஒரு படம், மாலை 4 மணிக்கு ஒரு படம். இரண்டிலும் தாளின் மேல்பக்கத்தை வடக்கு என்று குறித்தோம், கையில் இருக்கும் இங்கிலாந்துப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. காலையில் இடது மேல் ஓரத்தில் இருந்த பெரிய புள்ளிக்கூட்டம் மாலையில் வலது கீழ் ஓரத்தில் இருக்கிறது. மற்றவையும் அதே அளவு திரும்பியிருக்கின்றன. பாகைமானி வைத்து அளந்தால் 165 பாகை அளவுக்கு வருகிறது. பெட்டியின் கிளிப், முக்காலியின் மட்டம், ஐபீஸ் திருகு எல்லாம் பார்த்தாயிற்று. ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் டயகனல் கண்ணாடியைக் கழற்றிவிட்டோம். எதுவும் ஆடவில்லை.

இன்னொன்று: எங்கள் கணக்கு 3 கூட்டம், 11 புள்ளி. பிரஸ்ஸல்ஸ் வானாய்வகம் வெளியிடும் சூரியப்புள்ளி எண்ணோடு ஒப்பிட்டால் நம்முடையது எப்போதும் குறைவு.

மலைச்சாரல்:
சூரியன் தன்னைத்தானே சுத்துதே டீச்சர், அதனால இருக்குமோ?

கதிர்நோக்கி:
அது இல்லை தம்பி. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு சுற்று முடிக்க 27 நாள் ஆகும். நாளுக்கு 13 பாகை என்றால் எட்டு மணி நேரத்தில் நாலரை பாகை. அதுவும் புள்ளி கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு விளிம்பை நோக்கி நகரும், வட்டத்தட்டு உருளாது.

டீச்சர், உங்கள் கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை. 'மேல்பக்கம் வடக்கு' என்பதுதான் நம் ஊருக்குப் பொருந்தாது. ஆல்ட்-அசிமத் மவுண்டில் தாளின் மேல்பக்கம் எப்போதும் உச்சிவானத்தைக் குறிக்கும். சூரியனிலிருந்து பார்த்தால் உச்சி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது நேரத்துக்கு நேரம் மாறும். மதுரை 10 பாகை அட்சரேகை. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. காலை 8 மணிக்கு அதன் மேற்கு விளிம்புதான் மேலே இருக்கும். மாலை 4 மணிக்குக் கிழக்கு விளிம்பு மேலே வந்துவிடும். ஏப்ரல் 10-க்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: உச்சியின் திசை வடக்கிலிருந்து காலையில் ஒரு பக்கம் 83 பாகை, மாலையில் மறுபக்கம் 83 பாகை. கூட்டினால் 166. நீங்கள் அளந்தது சரிதான், பிள்ளைகளுக்கு ஒரு சபாஷ்.

லண்டனில் அதே நாள் அதே நேர இடைவெளியில் வரைந்தால் 70 பாகை சுற்றித்தான் திரும்பும், நண்பகலில் மேல்பக்கம் உண்மையிலேயே வடக்காகவும் இருக்கும். புத்தகம் எழுதியவருக்கு அது போதும். நமக்கு இன்னொரு கூத்தும் இருக்கிறது. ஏப்ரல் 16 வாக்கில் சூரியன் மதுரையின் நேர் உச்சியில் போகும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அந்த நாலு மாதமும் நண்பகல் படத்தில் மேல்பக்கம் தெற்கு! உச்சியை ஒட்டிய நாட்களில் 12 மணி சுற்றி வரைவதையே விட்டுவிடுங்கள். சில நிமிடங்களில் படம் பல பாகை திரும்பிவிடும், குழலும் முக்காலியில் முட்டும்.

செய்ய வேண்டியது: வரையத் தொடங்கும் முன் குழலைத் தொடாமல் விடுங்கள். நடுவில் இருக்கும் ஒரு புள்ளியைப் பென்சிலால் குறியுங்கள். 15 செ.மீ. படம் தன் அகலத்தைக் கடக்க 2 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும், அதனால் 40 விநாடியில் புள்ளி நன்றாகவே நகர்ந்திருக்கும். மறுபடி குறியுங்கள். இரண்டையும் சேர்த்தால் கிழக்கு–மேற்குக் கோடு. புள்ளி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது மேற்கு. அடுத்து, குழலின் முன்முனையை வடக்கே லேசாகத் தள்ளுங்கள். முதலில் தாளை விட்டு வெளியேறும் விளிம்பு தெற்கு. டயகனல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த ஊரானாலும் இது பொய்க்காது.

பழைய லென்ஸ்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஃபைண்டரை, அதான் குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கியை, கழற்றிவிட்டீர்களா? பெரிய குழலைக் கவனித்துக்கொண்டு சின்னதை மறந்துவிடுவார்கள். பையன் ஒருவன் குனிந்து பார்த்தால் போதும், கண் போய்விடும். குறி பார்க்கக் குழலின் நிழல் தரையில் மிகச் சிறியதாகும்வரை திருப்பினால் போதுமே. அந்த 20 மி.மீ. ஐபீஸ் பிளாஸ்டிக் உடலா? இருந்தால் உருகும். பசையால் ஒட்டிய வில்லைகள் உள்ள நல்ல ஐபீஸையும் இதற்குப் பலிகொடுக்காதீர்கள், சூட்டில் பசை விட்டுப்போகும். உலோக உடல் கொண்ட, பசை ஒட்டாத பழைய ஹைகன்ஸ் வகை ஐபீஸ்தான் இந்த வேலைக்கு லாயக்கு.

வைகைக்கரை:
ஃபைண்டரை முதல் நாளே கழற்றிப் பீரோவில் பூட்டியாயிற்று ஐயா. ஐபீஸ் உலோகம்தான், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடி போட்டு ஆறவிடுகிறோம்.

கதிர்நோக்கி ஐயா சொன்னபடி கோடு போட்டோம். காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் கோடு பொருந்துமாறு திருப்பி வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது! ஆனால் சூரியனைப் படமெடுக்கும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலத்தின் அன்றைய படத்தோடு வைத்தால் இடம் வலம் மாறியிருக்கிறது. எப்படித் திருப்பினாலும் சேரவில்லை.

கதிர்நோக்கி:
சேராது. டயகனல் இல்லாமல் நேராகத் தாளில் விழும் படம் கண்ணாடிப் பிம்பம் போல இடவல மாற்றத்தோடுதான் இருக்கும். வடக்கை மேலே வைத்துப் பாருங்கள், உங்கள் தாளில் மேற்கு இடப்பக்கம் வரும். எஸ்.டி.ஓ. படத்தில் மேற்கு வலப்பக்கம். வரைந்த தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பின்பக்கம் பிரதி எடுத்துவிடுங்கள். டயகனலை மறுபடி மாட்டினாலும் சரியாகும், ஆனால் மலிவான பெட்டிகளோடு வரும் டயகனல் சூரிய வெப்பத்துக்கு ஆகாது.

பிறகும் ஒரு சின்னக் கோணம் பாக்கி இருக்கும். நீங்கள் போட்ட கோடு பூமியின் கிழக்கு–மேற்கு. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியனின் வடதுருவம் வான வடக்கிலிருந்து மேற்குப் பக்கமாக 26 பாகை சாய்ந்திருக்கும், வருடத்திலேயே இதுதான் உச்சம். அக்டோபரில் அதே அளவு கிழக்காகச் சாயும். ஜனவரி, ஜூலை முதல் வாரங்களில் சாய்வே இராது.

எண்கணக்கு:
எண்ணிக்கை பற்றி யாரும் சொல்லவில்லையே. சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் வகுத்த வாய்ப்பாடு: கூட்ட எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். உங்களுக்கு 30-உம் 11-உம், ஆக 41. இதை ஒவ்வொருவரும் தமக்குரிய ஒரு கெழுவால் பெருக்க வேண்டும், ஏனென்றால் கருவியும் கண்ணும் வானமும் ஆளுக்கு ஆள் வேறு. சில மாதப் பதிவு சேர்ந்ததும் பிரஸ்ஸல்ஸ் எண்ணை உங்கள் எண்ணால் வகுத்துச் சராசரி எடுங்கள். அதுதான் உங்கள் கெழு. குறைவாக வருவது குற்றமில்லை, நாளுக்கு நாள் அந்த விகிதம் தாவுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய புத்தக அட்டவணையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். 2015 ஜூலையில் முழு வரிசையையும் திருத்தி, வழக்கமாகப் பெருக்கி வந்த 0.6-ஐ எடுத்துவிட்டார்கள். அதனால் புதிய எண்கள் எல்லாமே பழையதைவிட உயரம்.

மொட்டைமாடியில் வைத்து வரைகிறீர்களா? கான்கிரீட் சூடேறியதும் காற்று அலையடிக்கும், பொடிப்புள்ளிகள் முதலில் காணாமல் போகும். மாலை 4 மணிக்கு எண்ணுவதை விட்டு, காலை எண்ணிக்கையை மட்டும் கணக்கில் சேருங்கள். புல்தரை கிடைத்தால் இன்னும் நல்லது.

மலைச்சாரல்:
அப்போ கோடைக்கானல்லயும் இதே தொல்லைதானா? அதுவும் 10 பாகை அட்சரேகைதானே.

கதிர்நோக்கி:
அட்சரேகை அதேதான். அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1904-இலிருந்து சூரியத் தட்டைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தின் நூறாண்டுப் புள்ளிப் பதிவில் விட்டுப்போன நாட்களை நிரப்பவும் அங்கிருந்து படங்கள் போயின. திசை குறிக்காத படத்தை அங்கே யார் வாங்குவார்கள்? டீச்சர், அந்தப் பழைய படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

வைகைக்கரை:
நன்றி. காலை மட்டும், பள்ளி மைதானப் புல்லில் என்று மாற்றிவிட்டோம். கடைசியாக ஒன்று: கோடும் 26 பாகைத் திருத்தமும் போட்டபின், பெரிய கூட்டம் வடகோளமா தென்கோளமா என்று வட்டத்தின் நடுக்கோட்டை வைத்தே சொல்லலாமா?

கதிர்நோக்கி:
நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருந்தால் சொல்லலாம். ஒட்டி இருந்தால் கூடாது. இப்போது சூரியனின் தென்துருவம் நம் பக்கம் 6 பாகை சாய்ந்திருக்கிறது, அதனால் அதன் நிலநடுக்கோடு தட்டின் மையத்துக்குச் சற்று வடக்கே வளைந்து போகும். ஸ்டோனிஹர்ஸ்ட் தட்டு என்று ஒவ்வொரு சாய்வுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டம் போட்ட படிவங்கள் கிடைக்கும். 6 பாகைத் தட்டை 15 செ.மீ. அளவில் ஒளிபுகும் தாளில் அச்சடித்து மேலே வையுங்கள். ஜூன் முதல் வாரத்தில் சாய்வு பூஜ்யமாகும், அப்போது நேர்க்கோடே போதும்.