தங்கை அரசியல் அறிவியல் படிக்கட்டுமா?

நிபோங் திபால் அண்ணன்:
வணக்கம். தங்கை பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டாள், படித்தால் அரசியல் அறிவியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பா இங்கே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார், அவருக்கு ஒரே பயம். "பேராசிரியர் இராமசாமிக்கே பல்கலைக்கழகத்தில் வேலை போனது, நமக்கு ஏன்?" என்கிறார். உண்மையில் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, அவர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2005-இல் அவருடைய ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அரசாங்கத்தை வெளிப்படையாக விமர்சித்ததுதான் காரணம் என்பது அவர் தரப்பு வாதம், நானும் அதை நம்புகிறேன். ஆனால் ஊரில் எல்லாரும் இதையே பேசுகிறார்களே தவிர, அவர் என்ன ஆராய்ச்சி செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. தீபகற்ப மலேசியாவின் தோட்டத் தொழிலாளர்கள், தொழிற்சங்கம், முதலாளி, அரசாங்கம், இவர்களுக்குள் யார் கை ஓங்கியது என்று எழுதினார், 1994-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை நூலாக வெளியிட்டது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு விடியற்காலையில் போய் நின்ற நம் தாத்தா பாட்டி அதில் ஆய்வுப் பொருள். எனக்கு இதுதான் பெரிய விஷயம், பதவியெல்லாம் அப்புறம்.

பத்து காவான் வாக்காளர்:
அக்கா சொல்வது சரி, ஆனால் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2008-இல் எங்கள் தொகுதியில், அதுவரை பினாங்கு மாநில முதல்வராக இருந்த கோ சு கூனையே தோற்கடித்தார். அப்புறம் 2023 வரை பினாங்கின் இரண்டாம் துணை முதல்வர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அந்த ஆண்டுத் தேர்தலில் இடம் கிடைக்காததும் ஜசெகவை (ஜனநாயக செயல் கட்சியை) விட்டு விலகி உரிமை கட்சியைத் தொடங்கினார். இஸ்லாமிய மதப் போதகர் ஜாகிர் நாயக் தொடுத்த அவதூறு வழக்கில் 15 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட் கட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் 2023-இல்தான். பேச்சில் நிதானம் வேண்டும் என்று நான் அப்போதிருந்தே சொல்கிறேன், அவருக்கு ஓட்டுப் போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பாங்கியில் படித்தவள்:
அண்ணா, அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். 2010-இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்த இடத்துக்குப் போனதற்காக அதே பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர்கள் நான்கு பேர் மீது நடவடிக்கை எடுத்தார்கள். அவர்கள் விடாமல் வழக்குப் போட்டார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, மறு ஆண்டே மாணவர்களை அரசியலிலிருந்து தடுத்த சட்டத்தைத் திருத்தி மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றாக்கினார்கள். நிலைமை அன்று போல இல்லை. தங்கையைத் தடுக்காதீர்கள்.

நிபோங் திபால் அண்ணன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பல்கலைக்கழகம், வழக்கு எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை, தோட்டத் தொழிலாளர் பற்றிய நூல் என்றதும் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். ஆசிரியை அவர்களே, அந்த நூல் பினாங்கில் எந்த நூலகத்தில் இருக்கும்? சனிக்கிழமை தங்கையை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.