ரெசிடென்சிக்கு முன் வேறு மருத்துவமனையில் ஒரு மாதம்: அனுபவப் பகிர்வு

எலும்பு அறுவைச் சிகிச்சை ரெசிடென்ட், ஒஹாயோ

மருத்துவப் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புத் துறைப் பயிற்சியே ரெசிடென்சி; அதில் இருப்பவர் ரெசிடென்ட். அதில் சேரும் முன், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் நான்காம் ஆண்டின் தொடக்க மாதங்களில், பெரும்பாலும் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையே, மாணவர்கள் வேறொரு மருத்துவமனைக்குச் சென்று நான்கு வாரம் பணியாற்றும் அவே ரொட்டேஷன் தேவைதானா என்று இளையவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் துறையில் அது தேவை என்றே சொல்வேன். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் படித் தேர்வில் 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் இல்லை, தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டுமே. நேர்காணல்களோ கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் கணினித் திரையிலேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே, அடுத்த ஐந்தாண்டுகள் தம்மோடு அறுவை அரங்கில் நிற்கப் போகிறவர் எப்படிப்பட்டவர் என்று நேரில் அறிந்துகொள்ள, துறையினருக்கு அந்த ஒரு மாதமே மிஞ்சியிருக்கிறது.

மாணவனாகச் சென்ற இடங்களில் பேராசிரியர்களைவிட இளநிலை ரெசிடென்ட்டுகளே என்னைக் கூர்ந்து கவனித்தார்கள். மறுநாள் அறுவைக்குரிய உடற்கூற்றைப் படித்து வந்திருக்கிறானா, நள்ளிரவில் அவசரப் பிரிவில் மாவுக்கட்டுப் போடும்போது கேட்பதற்கு முன்பே தண்ணீரும் பஞ்சுச் சுருளும் எடுத்து வைக்கிறானா என்பன போன்றவற்றையே அவர்கள் பார்த்தார்கள். இப்போது, விண்ணப்பித்த மாணவர்களை வரிசைப்படுத்தும் தரவரிசைக் கூட்டத்தில் நானும் அமர்கிறேன். எந்தக் கேள்விக்கும் தடையின்றி விடை சொன்ன ஒரு மாணவர், உடன் வந்த இன்னொரு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட அறுவையில் தாமாகவே கைகளைத் தூய்மைப்படுத்திக்கொண்டு உள்ளே புகுந்து நின்றதை மூன்று ரெசிடென்ட்டுகள் தனித்தனியே குறிப்பிட்டதால், பட்டியலில் வெகுதூரம் கீழே இறங்கினார். விண்ணப்பத்தை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு நேர்காணல் உறுதியாகக் கிடைத்திருக்கும். எனவே, காகிதத்தில் வலுவாகவும் நேரில் தயக்கமாகவும் இருப்பவர்கள், தாம் மிகவும் விரும்பும் இடத்துக்கே முதல் ரொட்டேஷனுக்குச் செல்லாமல் இருப்பது நல்லது.

அவசர மருத்துவ ரெசிடென்ட், மிச்சிகன்

நான் படித்தது ஆஸ்டியோபதிக் கல்லூரி, அதாவது எம்.டி.க்குப் பதில் டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் கல்லூரி. எங்களுக்கென்று சொந்தமாக அவசர மருத்துவ ரெசிடென்சித் துறை கிடையாது. எங்கள் துறைக்கு விண்ணப்பிப்பவர்கள் 'ஸ்லோ' எனப்படும் ஒரே வடிவிலான மதிப்பீட்டுக் கடிதத்தைக் காட்ட வேண்டும். உடன் விண்ணப்பிக்கும் மாணவர்களோடு ஒப்பிட்டு இவரை எங்கே வைப்பீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்கும் அந்தக் கடிதத்தை ரெசிடென்சி நடத்தும் துறையிடமிருந்து பெறுவதே வழக்கம் என்பதால், எனக்கு வெளியே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. கொரோனா காரணமாக 2020இல் வெளி ரொட்டேஷன்களைத் தவிர்க்கும்படி பரிந்துரைத்தபோதுகூட, சொந்தத் துறை இல்லாத மாணவர்களுக்கு விலக்கு அளித்தார்கள்.

செலவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சம்பளம் கிடையாது, கல்லூரிக் கட்டணமும் வீட்டு வாடகையும் ஒருபுறம் நிற்க, சென்ற ஊரில் இன்னொரு வாடகை, விண்ணப்பக் கட்டணம், தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, பல இடங்களில் போதைப்பொருள் பரிசோதனையும் உண்டு. உறவினர் வீடு இருக்கும் ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும் சித்தி வீட்டில்தான் தங்கினேன்.

இன்டர்னல் மெடிசின் மருத்துவர், டெக்சஸ்

பொது மருத்துவமான எங்கள் துறைக்கு வெளி ரொட்டேஷன் பெரும்பாலும் தேவையில்லை. இடங்கள் மிக அதிகம். சொந்தக் கல்லூரியின் கடிதங்களே போதும். குடும்பக் காரணத்தால் குறிப்பிட்ட ஒரு நகருக்குத்தான் போக வேண்டும் என்பவர்கள் மட்டும் முயலலாம். மற்றவர்கள் அந்த மாதத்தைத் தங்கள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்தால், ரெசிடென்சியின் முதல் இரவுப் பணியில் அதன் பயன் தெரியும்.

எம்.பி.பி.எஸ்., சென்னை, இப்போது நியூ ஜெர்சியில் ரெசிடென்ட்

முதுநிலை நீட் தரவரிசை ஒன்றே இடத்தைத் தீர்மானிக்கும் முறையிலிருந்து வந்த எனக்கு, ஒரு மாதப் பழக்கம் ஓர் இடத்தைப் பெற்றுத் தரக்கூடும் என்பதே வியப்பாக இருந்தது. இந்தியாவிலிருந்து முயல்பவர்கள் கவனிக்க வேண்டியது காலம். மாணவராக இருக்கும்போதுதான் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கும் எலெக்டிவ் என்ற விருப்பப் பணிக்காலம் கிடைக்கும். பட்டம் பெற்ற பிறகு பெரும்பாலும் பார்வையாளராக நிற்கும் அப்சர்வர்ஷிப்தான். பார்வையாளரைப் பற்றி எழுதும் கடிதத்தில் மருத்துவர் என்னதான் சொல்ல முடியும்? நான் அப்சர்வர்ஷிப் செய்த இடத்தில் அனைவரும் அன்பாகவே நடத்தினார்கள். ஆனால் நேர்காணல்களில் கேள்வி வந்ததெல்லாம் மாணவப் பருவத்தில் செய்த எலெக்டிவைப் பற்றித்தான். சில கல்லூரிகள் முதல் படித் தேர்வை முன்பே முடித்திருக்கச் சொல்லும். விசாவுக்கும் அவகாசம் வேண்டும். ஆகவே இறுதியாண்டு வரை காத்திருக்காமல் விசாரிக்கத் தொடங்குங்கள்.

எலும்பு அறுவைச் சிகிச்சை ரெசிடென்ட், ஒஹாயோ

மேலே டெக்சஸ் மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். துறைக்குத் துறை விடை மாறும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பங்கள் செப்டம்பர் இறுதியில் துறைகளின் பார்வைக்குப் போய்விடுவதால், கடிதம் வேண்டுமென்றால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ செல்லுங்கள். அக்டோபரில் செல்பவருக்குக் கடிதம் கிடைப்பது தாமதமாகும் என்றாலும், தேர்வுக் குழுவினர் அவரை மறப்பதற்குள் நேர்காணல் பட்டியல் தயாராகிவிடும் என்ற சாதகம் உண்டு.