வெளியாள்னா யாரு? நாவலூர் முதல் தையூர் வரை, சில அனுபவங்கள்

படூர், மூன்றாவது மாடி

2013-ல் சென்னைக்குத் தெற்கே இருக்கும் படூருக்குக் குடிவந்தோம். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். அப்போது பழைய மகாபலிபுரம் சாலையின் ஆறு வழி அகலம் சிறுசேரியோடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே பனைமரமும் முள்காடும், நடுநடுவே எங்களுடையதைப் போல அடுக்குமாடிகளும்தான். நல்ல காய்கறி வேண்டுமென்றால் 102 அல்லது 570 பஸ்ஸில் ஏறிக் கேளம்பாக்கம் போக வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் இரண்டே பேர்: கீரைக்காரப் பெரியவர் ஒருவர், கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர்.

அக்கா ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்குவார். செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார். "இது வேணாம் சார், நேத்து மீனு" என்று தானே ஒதுக்கி வைப்பார். ஆற்று மீனும் குளத்து மீனும் தின்று வளர்ந்தவன் நான். சங்கரா எது, கிழங்கா எது, எதைக் குழம்பில் போட வேண்டும், எதை வறுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது.

நாலு வருடம் கழித்துப் பக்கத்திலேயே பெரிய சூப்பர்மார்க்கெட் திறந்தார்கள். குளிர்பெட்டியில் மீன், வெட்டிச் சுத்தம் செய்து தட்டில் சுற்றிக் கிடைத்தது. அதே சமயம் எங்கள் குடியிருப்பில் ஒரு சைக்கிள் திருட்டு. சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம்: "வெளியாட்கள் விற்பனைக்காக உள்ளே வரக்கூடாது." நான் அப்போது செயற்குழுவில் இருந்தேன். என் கையெழுத்தும் அதில் உண்டு.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது கேட்டில் அக்கா நின்றிருந்தார். காவலாளி அவருக்கு நோட்டீஸைப் படித்துக் காட்டியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கோபமே இல்லாமல் கேட்டார்: "சார், வெளியாள்னா யாரு? நீங்க வந்து எத்தினி வருசம் ஆவுது?"

எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டேன். அவருடைய மாமியாரும் படூர்த் தெருக்களுக்கு மீன் சுமந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சுமந்த காலத்தில் எங்கள் கட்டடம் நிற்கும் இடம் வெறும் பொட்டல்.

முன்பே இருந்தவர்கள், பிறகு வந்தவர்கள் எல்லோரும் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

கேளம்பாக்கம், மளிகைக் கடை

சார் எழுதியதைப் படித்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நாங்களும் வந்தவர்கள்தானே. அப்பா 1994-ல் திசையன்விளையிலிருந்து வந்து, ஒரு சித்தப்பா கடையில் பொட்டலம் மடித்து, பிறகு தனியாகக் கடை வைத்தவர். "தெக்கத்தி ஆளு, நிறுவையில ஏமாத்துவான்" என்று முதல் வருடம் ஊர்க்காரர்கள் யாரும் சரியாக வரவில்லையாம். தராசை வாடிக்கையாளர் பக்கமாகத் திருப்பி வைத்தார் அப்பா. இன்றைக்கும் எங்கள் கடையில் மின்தராசின் எண் தெரியும் பக்கம் வெளியே பார்த்துத்தான் இருக்கும்.

எங்கள் கடையின் கணக்கு நோட்டு உப்போடு சேர்ந்து ஓடியது. உப்பளத்து வேலைக்காரர்களுக்கு வெயில் காலத்தில் வாரக்கூலி வரும். ஐப்பசி மழை தொடங்கினால் பாத்தி எல்லாம் முழுகிவிடும், வேலை கிடையாது. அந்த மூன்று நான்கு மாதமும் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நோட்டில் ஏறும். தை பிறந்து, பாத்தியைச் சீர் செய்து, உப்பு விளைந்து, கூலி வந்த பிறகுதான் கழியும். வட்டி கிடையாது. வட்டி கேட்டால் அடுத்த வெயிலுக்கு வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். வெறும் தர்மம் என்று சொல்ல மாட்டேன். அது இரண்டு பக்கமும் பிழைக்கிற வழி.

பெரிய கடைகள் வந்ததும் சோப்பு, பிஸ்கட், பாக்கெட் எண்ணெய் மூன்றும் எங்களிடம் படுத்துவிட்டன. எனக்கு ஏஜென்ட் கொடுக்கும் விலையைவிடக் குறைவாக அவர்கள் ஒரு லிட்டர் எண்ணெயை விற்கிறார்கள். அவர்கள் கம்பெனியில் நேராக லாரிக் கணக்கில் எடுக்கிறார்கள், நான் பெட்டிக் கணக்கில் எடுக்கிறேன். அதோடு மல்லுக்கட்ட முடியாது. மிச்சம் நின்றது சில்லறை. பத்து ரூபாய்க்குத் தேங்காய்ச் சில்லு, அஞ்சு ரூபாய்க்கு மிளகு, கால் கிலோ உளுந்து. மாதச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு இப்படித்தான் வாங்க முடியும்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். அந்த வாரம்தான் அடுக்குமாடி ஆட்கள் பலர் எங்கள் கடைக்குள் முதல்முதலாகக் கால் வைத்தார்கள். கார்டு தேய்க்கிற கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் பால், வாழைப்பழம், வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுக்கச் சில்லறை என்று வரும்போது கையில் ஒன்றும் இல்லை. அப்பா நோட்டை எடுத்தார். பெயர் தெரியாதவர்களுக்கு என்ன எழுதுவது? "பி-204", "சி-611" என்று வீட்டு எண்ணை எழுதினார். நான் கத்தினேன். முகம் தெரியாத ஆளுக்குக் கடனா என்று. "நான் வந்தப்பவும் என் மொகம் யாருக்குல தெரியும்?" என்றார்.

பணப்புழக்கம் திரும்பியதும் எல்லோரும் கொடுத்தார்கள், இரண்டு வீட்டைத் தவிர. பி-204-ல் இருக்கும் டீச்சர் இன்றுவரை மாதக் கணக்கு எங்களிடம்தான் வைத்திருக்கிறார். நோட்டில் இப்போதும் அவருக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

தையூர்ப் பக்கம், மருமகள்

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் வீட்டு நிலம் முக்கால் ஏக்கர், ஏரிப் பாசனம். மாமனார் காலத்திலேயே விற்றுவிட்டார்கள். கை மாறி கை மாறி, இப்போது அதில் மூன்று மாடிக் கடைத்தொகுதி இருக்கிறது. கீழே துணிக்கடை, மேலே ஓட்டல், அடித்தளத்தில் வண்டி நிறுத்தம்.

திறந்து ஒரு வருடம் ஆகியும் என் மாமியார் அங்கே போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. "அங்க எதுக்கு, பவுசா இருக்கவங்க போற எடம்" என்பார். பேத்திக்குப் பாவாடை எடுக்க நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். அடித்தளத்தில் ஆட்டோ நின்றதும் அவர் இறங்கி, சுவரோரமாக ஓடிய மோட்டாரைப் பார்த்தார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அங்கிருந்த மேற்பார்வையாளர் வடக்கத்திப் பையன், ஓரளவு தமிழ் தெரியும். "ராத்திரி பகல் ஓடுது பாட்டி, நிக்கவே மாட்டேங்குது" என்றான்.

மாமியார் சிரித்துவிட்டார். "எப்பிடிய்யா நிக்கும்? இது ஊத்துக்கழனி. ஏரி நெறஞ்சா பங்குனி வரைக்கும் கால் வெக்க முடியாது. மேட்டுப் பக்கம் தள்ளிக் கட்டியிருந்தா இந்தத் தொல்லை இல்ல" என்றார். அந்தப் பையன் செல்போனை எடுத்து, எந்த மூலையில் ஊற்று, எந்தப் பக்கம் மேடு என்று அவரைக் கேட்டுக் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டான். அரை மணி நேரம் நடந்து காட்டினார். அதற்கு முன் யாரும் அவரைக் கேட்கவில்லை. மனை வாங்கியவர்களும் கேட்கவில்லை, வரைபடம் போட்டவர்களும் கேட்கவில்லை. பாவாடை எடுத்தோமா என்றே எனக்கு நினைவில்லை. அவர் முகத்தில் இருந்த பெருமைதான் நினைவிருக்கிறது.

நாவலூர், வாடகை வீடு

ஒரு பக்கத்தை மட்டும் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சேலத்திலிருந்து வந்து ஐந்து வருடம் ஆகிறது. சினிமா விட்டு இரவு வெளியே வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய் கேட்ட ஆட்டோக்கள் உண்டு. ஐ.டி. என்று தெரிந்தால் வாடகை ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை. எங்களுக்கும் வலிக்கும்.

கவுண்டர் நான்கு

பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தக் கடை என்று சொல்ல விருப்பமில்லை. என் ஊர் இங்கேயே, சாலைக்கு மேற்கே. எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஆறு பெண்கள் அங்கே வேலை பார்த்தோம்.

காலை பத்து முதல் இரவு எட்டு வரை நின்றுகொண்டே. கால் வீங்கும். மாதவிலக்கு நாட்களைச் சொல்லவே வேண்டாம். 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. எங்கள் கடையில் ஸ்டூல் வந்தது. வந்த ஸ்டூல் மூலையிலேயே கிடந்தது. உட்கார்ந்தால் மேனேஜர் முறைப்பார். நாங்கள் சட்டம் பேசினால் வேலை போகும்.

வாரா வாரம் வரும் ஒரு அம்மா இருந்தார். கான்பூர்க்காரர், மகனோடு இருக்கிறார். தமிழ் பத்து வார்த்தைதான் தெரியும். சிறுகீரையையும் அரைக்கீரையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தது நான். ஒருநாள் என் காலைப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்த ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "பைட்டோ... உக்காரு" என்றார். வரிசையில் பதினைந்து பேர். மேனேஜர் ஓடிவந்தார். அந்த அம்மா நகரவில்லை. நான் உட்கார்ந்து பில் போட்ட பிறகுதான் பணம் கொடுத்தார். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. அடுத்த வாரம் மற்ற கவுண்டர்களிலும் ஸ்டூல் போட்டுக்கொண்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் இப்போது அந்த வேலையில் இல்லை. அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டதற்கு வருத்தமாக இருக்கிறது.

தாழம்பூர்

எங்களுக்கு நடந்தது ஒரு அக்டோபர் 2 கிராம சபையில். அடுக்குமாடியில் இருக்கும் பலருக்குத் தாங்கள் ஊராட்சியில் வாழ்கிறோம் என்பதே தெரியாது. எனக்கும் தெரியாது. தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்லப் போனோம், நாங்கள் ஒன்பது பேர். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி. நாங்கள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம்.

விளக்கைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். "ஒங்களுக்குத் தண்ணி லாரி எங்க கெணத்துலருந்துதான் வருது. அதக் குளிச்சி, தொவச்சி, அனுப்புற அழுக்கு லாரி எங்க ஏரியிலதான் கொட்டுது. வெளக்கு எரியலன்னு வந்தீங்க, சரி. இதுக்கு எப்ப வருவீங்க?"

2019 கோடையில் லாரித் தண்ணீருக்குத் தவமாய்த் தவம் கிடந்தோமே, அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒரு நாளாவது கேட்டோமா? திரும்பி வந்ததும் கழிவுநீர் லாரிக்காரரிடம், சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்குச் சீட்டு காட்டினால்தான் பணம் என்று சொன்னோம். முதல் மாதமே அவர் வருவதை நிறுத்திவிட்டார். அப்படியென்றால் அத்தனை வருடம் எங்கே கொட்டினார் என்பது விளங்கிவிட்டது. வேறு லாரி பிடித்தோம், செலவு கூடியது, கூட்டத்தில் சண்டையும் வந்தது. சீட்டு இல்லாமல் இப்போது பணம் கொடுப்பதில்லை. அடுத்த கிராம சபைக்கு நான்கு பேர்தான் போனோம். பெரியவர் என்னைப் பார்த்து, தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்துக் காட்டினார்.

படூர், மூன்றாவது மாடி

எல்லாவற்றையும் படித்தேன். என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீர்மானத்தை மாற்றச் சங்கத்தில் பேசினேன். முதல்முறை தோற்றேன், அடுத்த ஆண்டு ஏழு வாக்கு வித்தியாசத்தில் வென்றது. சூப்பர்மார்க்கெட்டும் இருக்கட்டும், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காவைத் தேடிக் கோவளம் போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்" என்றார், ஆனால் உடனே வரவில்லை. சித்திரையில்தான் வந்தார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கோவளத்து ஃபைபர் படகுகள் போகும். அப்போதுதான் அவர் கையில் இருக்கும் மீனுக்கு நல்ல விலை.

காவலாளி நோட்டை நீட்டினார். பெயர், நேரம், "எங்கிருந்து வருகிறீர்கள்" என்று ஒரு கட்டம். அக்காவுக்கு எழுத வராது, என்னைப் பார்த்தார். நான் கோவளம் என்று எழுதப் போனேன். "மாமியார் பொறந்த ஊரு படூருதான் சார்" என்றார். அதையே எழுதினேன்.